பெயரை எழுதி வைக்கும் ஃபைல்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று மாணவர் மன்றத்தில் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. நட்பைப் பற்றியும் கல்லூரிக் காலத்தைப் பற்றியும் எழுத நம் வகுப்பிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். ஆகவே இந்த ஆண்டு எங்கள் லேபில் நான் கற்றுக்கொண்ட ஒன்றை எழுதுகிறேன். அதன் பெயர் கான்ஃபிக் ஃபைல். கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்கள் "இது ஒரு விஷயமா?" என்பீர்கள். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் "இது எங்களுக்கு எதுக்கு?" என்று பக்கத்தைத் திருப்பப் பார்ப்பீர்கள். இரண்டு தரப்பும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இது உங்கள் பெயர் சம்பந்தப்பட்ட விஷயம்.

என்னைப் பற்றி இரண்டு வரி. திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறார். அம்மா நடவுக்கும் களை எடுக்கவும் போகிறார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். திண்டிவனத்தில் ரயில் ஏறி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் எல்லாம் தாண்டி விழுப்புரத்தில் இறங்கினால் காலேஜ். இதுதான் மூன்று வருடமாக என் தினசரி.

கறுப்புத் திரை

முதலாண்டில் அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். மவுஸ் இருந்தால் எதை அமுக்கலாம் என்று திரையே காட்டிக் கொடுக்கும். கமாண்ட் லைனில் அந்தத் தயவு கிடையாது. ஒரு சின்னக் கோடு மட்டும் மினுக் மினுக்கென்று நிற்கும். "சொல்லு, இன்னா வேணும்?" என்று கேட்பதுபோல் இருக்கும். எனக்கோ என்ன வேண்டுமென்றே சொல்லத் தெரியாது.

பயம் போனதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, து. நித்யா அவர்கள் எழுதிய 'எளிய தமிழில் க்னு/லினக்ஸ்'. கணியம் வெளியிட்ட இந்தப் புத்தகத்தை இணையத்தில் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, நம் விழுப்புரத்திலேயே இருக்கும் குனு/லினக்ஸ் பயனர் குழு. கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வாங்காமல் கட்டற்ற மென்பொருள் சொல்லிக் கொடுக்கிறார்கள். "தமிழ்லயே கேளு, தப்பில்ல" என்று அங்கே ஒரு அக்கா சொன்ன பிறகுதான் எனக்கு வாயே திறந்தது.

அவர் சொன்ன உதாரணத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். டீக்கடையில் போய் "அண்ணே, ஒரு டீ" என்றால் எல்லோருக்கும் போடுகிற டீ வரும். அதுதான் டீஃபால்ட். "அண்ணே, ஒரு டீ, சக்கரை கம்மி, ஸ்ட்ராங்கா" என்றால் டீ என்பது கமாண்ட், மற்ற இரண்டும் ஆப்ஷன். நான்கு நாள் தொடர்ந்து போனால் ஐந்தாம் நாள் மாஸ்டர் கேட்காமலே நம் கணக்குப்படி போட்டுக் கொடுத்துவிடுவார்.

கம்ப்யூட்டருக்கு அந்த ஞாபகம் கிடையாது. நூறு தடவை சக்கரை கம்மி என்று சொல்லியிருந்தாலும், நூற்றியோராவது தடவை சொல்லாவிட்டால் டீஃபால்ட் சக்கரைதான்! அதற்கு ஞாபகம் இருக்க வேண்டுமானால் நாம்தான் எழுதி வைக்க வேண்டும். அப்படி எழுதி வைக்கும் ஃபைல்தான் கான்ஃபிக் ஃபைல். ஒரு விதத்தில் இது மாஸ்டரின் ஞாபகத்தைவிட உசத்தி. மாஸ்டர் ஊருக்குப் போய்விட்டால் நம் சக்கரைக் கணக்கும் அவரோடு போய்விடும். எழுதி வைத்தது எங்கும் போகாது.

சிவில் நண்பர்களே, ஆட்டோகேடில் அளவுமுறை, லேயர், டைமென்ஷன் ஸ்டைல் எல்லாம் போட்டு ஒரு டெம்ப்ளேட் ஃபைல் வைத்துக்கொள்கிறீர்களே, அதுவும் இதே சாதிதான்.

புள்ளி வைத்த ஃபைல்கள்

இந்த ஃபைல்களின் பெயரைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். முதலில் ஒரு புள்ளி, பல பெயர்களில் கடைசியில் 'ஆர்சி'. புள்ளி பாஷ்ஆர்சி, புள்ளி விம்ஆர்சி என்று வரும். நம் ஊரில் ஆர்.சி. என்றால் வண்டிப் புத்தகம். இது வேறு.

1960களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சி.டி.எஸ்.எஸ். என்றொரு சிஸ்டம் இருந்தது. அதில் கமாண்டுகளை வரிசையாக ஒரு ஃபைலில் எழுதி வைத்து மொத்தமாக ஓட்டுவதற்கு 'ரன்காம்' என்ற வசதியை லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர் செய்தார். 'ரன் கமாண்ட்ஸ்' என்பதுதான் அப்படிச் சுருங்கியது. அந்த ரன்காமின் மிச்சம்தான் இன்றைய 'ஆர்சி'.

புள்ளியின் கதை இன்னும் சுவையானது. யூனிக்ஸில் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் இருக்கும். ஒற்றைப் புள்ளி இதே ஃபோல்டரையும், இரட்டைப் புள்ளி மேலே இருக்கும் ஃபோல்டரையும் குறிக்கும். ஃபைல்களைப் பட்டியலிடும் எல்எஸ் கமாண்ட் இவை இரண்டையும் காட்ட வேண்டாம் என்று நினைத்தார்கள். அதற்காக, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும்படி எழுதிவிட்டார்கள். விளைவு, புள்ளியில் தொடங்கும் எல்லா ஃபைலுமே மறைந்துவிட்டது! பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் குழுவில் இருந்த ராப் பைக் இந்தக் கதையை எழுதியிருக்கிறார். யாரோ ஒருவர் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று எழுதியது, பிறகு உலக வழக்கமாகிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. டீஃபால்ட் என்பது கடவுள் போட்ட கோடு அல்ல. எங்கோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், தன் வசதிக்கு எடுத்த முடிவு. அதை மாற்றலாம்.

யார் சொல் செல்லும்?

எங்கள் புராஜெக்டுக்கு கிட் என்ற கருவியைப் பயன்படுத்தினோம். லினக்ஸ் கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கியது. ஒரு புராஜெக்டில் எந்த வரியை யார், எப்போது மாற்றினார்கள் என்ற வரலாற்றை இது வைத்திருக்கும். நாம் செய்த மாற்றத்தைப் பதிவு செய்வதற்குப் பெயர் கமிட்.

கிட்டுக்கு நம் விருப்பங்களை நான்கு இடங்களில் சொல்லலாம்.

முதலாவது, சிஸ்டம் ஃபைல். இடிசி ஃபோல்டரில் இருக்கும். அந்தக் கம்ப்யூட்டரில் உட்காரும் எல்லோருக்கும் பொது.

இரண்டாவது, குளோபல் ஃபைல். நம் லாகினின் ஹோம் ஃபோல்டரில் புள்ளி கிட்கான்ஃபிக் என்ற பெயரில் இருக்கும். அந்த லாகினுக்கு மட்டும்.

மூன்றாவது, லோக்கல் ஃபைல். ஒவ்வொரு புராஜெக்டுக்குள்ளும் இருக்கும் புள்ளி கிட் ஃபோல்டரில் கான்ஃபிக் என்ற பெயரில் இருக்கும். அந்தப் புராஜெக்டுக்கு மட்டும்.

நான்காவது, கமாண்டிலேயே '-சி' என்று போட்டுச் சொல்வது. அந்த ஒரு தடவைக்கு மட்டும்.

நான்கிலும் வெவ்வேறு மாதிரி சொல்லியிருந்தால்? பின்னால் வருவதுதான் செல்லும். ஊர் வழக்கம் ஒன்று இருக்கும். வீட்டு வழக்கம் அதைக் கொஞ்சம் மாற்றும். ஒரு விசேஷத்துக்கென்று பேசி வைத்தது அதையும் மாற்றும். கடைசியில், பந்தியில் உட்கார்ந்து "எனக்கு ரசம் போதும்" என்று நாம் கை காட்டினால் அதுதான் முடிவு. எது நமக்கு மிக அருகில் இருக்கிறதோ அதற்கே பலம்.

எந்த ஆப்ஷன் எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமானால் 'கிட் கான்ஃபிக் --லிஸ்ட் --ஷோ-ஆரிஜின்' என்று அடியுங்கள் (அடிக்கும்போது ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்). ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அது இருக்கும் ஃபைலின் பெயர் வரும். எங்களைக் காப்பாற்றியது இந்தக் கமாண்ட்தான்.

யாருடைய பெயர் இது?

எங்கள் குழுவில் நான்கு பேர். விழுப்புரம், திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிகளில் மல்லாட்டை என்ன விலைக்குப் போகிறது என்று தேதிவாரியாகக் காட்டும் புரோகிராம்தான் எங்கள் புராஜெக்ட். முதல் வாரம் முடிந்ததும் வரலாற்றைப் பார்க்கலாம் என்று 'கிட் லாக்' போட்டோம். ஐந்து கமிட் இருந்தன. ஐந்திலும் ஒரே பெயர். அந்தப் பெயர் எங்கள் நால்வரில் யாருடையதும் இல்லை!

"யாருடா இது? நம்ம செட்டுலயே இப்படி ஒரு பேரு இல்லையே!" என்றான் விழுப்புரத்து நண்பன்.

ஷோ-ஆரிஜின் போட்டுப் பார்த்ததும் விஷயம் வெளியே வந்தது. எங்கள் லேபில் எல்லோருக்கும் ஒரே பொது லாகின். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு படித்து முடித்துப் போன ஒரு சீனியர், அந்த லாகினின் குளோபல் ஃபைலில் தன் பெயரை எழுதியிருந்தார். அவர் மேல் குற்றமே இல்லை. முதன்முதலில் கிட் கேட்கிறது, புத்தகமும் அப்படித்தான் போடச் சொல்கிறது. அவர் போட்டார், போய்விட்டார். பெயர் அங்கேயே தங்கிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் கிடந்த பழைய புராஜெக்டுகளையும் திறந்து பார்த்தோம். இரண்டு பேட்ச் பிள்ளைகள் ராத்திரி பகலாக உட்கார்ந்து செய்த வேலை எல்லாம் அவர் பெயரிலேயே இருந்தது. செய்தவர்கள் யாரென்று அந்த வரலாற்றில் இல்லை.

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு சிரிப்பு வரவில்லை. அன்று இரவு வீட்டில் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் பீடியைக் கீழே வைத்துவிட்டு, "இதுல இன்னா அதிசயம்? நான் தூக்குற மூட்டையில ஏவாரி மார்க்குதான் இருக்கும். தூக்குனவன் பேரையா எழுதுவாங்க?" என்றார். இருபத்தைந்து வருடமாக மூட்டை தூக்கும் மனிதர் அவர். அவர் தூக்கிய ஒரு மூட்டையைக்கூட யாராலும் அடையாளம் காட்ட முடியாது. அவர் அதை வருத்தமாகச் சொல்லவில்லை. உலக நடப்பாகச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் லேப் அண்ணாவிடம் பேசினோம். அவர் ஒத்துக்கொண்டதும் மூன்று காரியங்கள் செய்தோம். ஒன்று, பொது லாகினின் குளோபல் ஃபைலிலிருந்து அந்தப் பெயரை எடுத்துவிட்டோம். இரண்டு, சிஸ்டம் ஃபைலில் 'யூசர்.யூஸ்கான்ஃபிக்ஒன்லி' என்ற ஆப்ஷனை 'ட்ரூ' என்று போடச் சொன்னோம். இது இருந்தால், பெயரும் மின்னஞ்சலும் எழுதி வைக்காதவரை கிட் தானாக எதையாவது ஊகித்துப் போட்டுக்கொள்ளாது. "நீ யார் என்று சொல், பிறகு கமிட் செய்கிறேன்" என்று நின்றுவிடும். மூன்று, ஒவ்வொரு குழுவும் தன் புராஜெக்டின் லோக்கல் ஃபைலில் பெயர் எழுத வேண்டும் என்று லேபில் ஒரு தாள் ஒட்டினோம். நாளைக்கே வேறு யாராவது குளோபலில் தன் பெயரை எழுதினாலும், லோக்கலில் இருப்பதுதானே செல்லும்! குழுவுக்குள்ளே ஆள் மாறி உட்காரும்போது மட்டும், கமிட்டோடு '--ஆதர்' என்று போட்டு அவரவர் பெயரைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் புராஜெக்டை முதலிலிருந்து புதிதாகத் தொடங்கினோம். அப்பாவின் இனிஷியலோடு என் பெயரைத் தமிழிலேயே எழுதினேன். கிட் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லவில்லை.

"அத யாராவது அழிச்சிட்டா?" என்று அப்பா கேட்டார். நல்ல கேள்வி. ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 இலக்கத்தில் ஓர் அடையாளக் குறி உண்டு. செய்தவர் பெயர், நேரம், அதற்கு முந்தைய கமிட்டின் குறி எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டு வருவது அது. ஒரு பெயரை மாற்றினால் அந்தக் கமிட்டின் குறி மாறும். அதற்குப் பின்னால் வரும் அத்தனை குறிகளும் மாறும். வேறொருவரிடம் பிரதி இருந்தால் உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் எழுதிய பெயர் உண்மையா என்று கிட் சோதிப்பதில்லை. அதற்கு டிஜிட்டல் கையொப்பம் என்று தனி ஏற்பாடு உண்டு. சாதாரணமாக, நாம் எழுதுவதுதான் அங்கே இருக்கும். நாம் எழுதாவிட்டால் வேறு எவர் பெயராவது இருக்கும்.

132 குறிகள்

அடுத்த சோதனை ஊர்ப் பெயரில் வந்தது. விலை விவரங்களை 'விழுப்புரம்', 'திண்டிவனம்' என்று இரண்டு ஃபைல்களில் தமிழ்ப் பெயரிலேயே வைத்தோம். 'கிட் ஸ்டேட்டஸ்' போட்டால் விழுப்புரத்தைக் காணோம்! அதற்குப் பதில் \340\256\265\340\256\277 என்று ஒரு ரயில் நீளத்துக்கு எண்கள். இதுவரை வந்தது வெறும் 'வி'தான்.

காரணம் இதுதான். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட் வேண்டும். விழுப்புரம் நமக்கு 6 எழுத்து. உயிர்க்குறி, மெய்ப்புள்ளி எல்லாம் தனித்தனியாக எண்ணினால் கம்ப்யூட்டருக்கு 11 குறியீடு, 33 பைட். திண்டிவனமும் 6 எழுத்துதான், ஆனால் 10 குறியீடு, 30 பைட். ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாய்கோடும் மூன்று இலக்கமுமாக கிட் காட்டுகிறது. கணக்குப் போட்டால் விழுப்புரத்துக்கு 132 குறிகள், திண்டிவனத்துக்கு 120!

கிட்டின் கையேட்டைப் படித்தேன். ஃபைல் பெயரில் 'வழக்கத்துக்கு மாறான' எழுத்து இருந்தால் இப்படி மாற்றிக் காட்டும் என்று இருந்தது. எது வழக்கத்துக்கு மாறானது? ஆங்கில எழுத்துகள் அடங்கிய அந்த முதல் 128 எண்களைத் தாண்டிய எல்லாமே! நம் ஊர்ப் பெயர் வழக்கத்துக்கு மாறானதாம். கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அதிலும் நியாயம் இருந்தது. எல்லாத் திரையும் எல்லா எழுத்தையும் காட்டாது. ஃபைல் பெயர் எந்த எழுத்துமுறையில் இருக்கிறது என்றும் கிட்டுக்குத் தெரியாது. எங்கேயும் உடையாத வழியை டீஃபால்ட்டாக வைத்திருக்கிறார்கள்.

அதே கையேட்டில் அடுத்த வரியிலேயே மருந்தும் இருந்தது. 'கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.க்வோட்பாத் ஃபால்ஸ்'. ஒரே ஒரு வரி. அடித்ததும் விழுப்புரம் விழுப்புரமாகவே வந்தது. கோபித்துக்கொண்டு ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் மாற்றியிருந்தால் இந்த வரி எங்களுக்குத் தெரியாமலே போயிருக்கும்.

பிறர் எழுதியதை நம்பலாமா?

கான்ஃபிக் ஃபைலுக்கு இன்னொரு முகமும் உண்டு. கிட்டின் சில ஆப்ஷன்களில், ஓட வேண்டிய புரோகிராமின் பெயரையே எழுதலாம். அப்படியென்றால், அடுத்தவர் எழுதிய கான்ஃபிக் ஃபைல் நம் லாகினில் எதை வேண்டுமானாலும் ஓட்ட முடியும். இதனால்தான் ஒரு புராஜெக்டைக் குளோன் செய்யும்போது அதன் லோக்கல் கான்ஃபிக் கூடவே வராது.

ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பயன்படுத்தும் இடங்களில் இது ஆபத்து என்று 2022 ஏப்ரலில் கிட்டையே திருத்தினார்கள். ஃபோல்டர் வேறொருவருக்குச் சொந்தமாக இருந்தால் கிட் இப்போது உள்ளே போக மறுக்கும். நம்பிக்கை இருந்தால் 'சேஃப்.டைரக்டரி' என்ற ஆப்ஷனில் அந்த ஃபோல்டரின் பெயரை எழுத வேண்டும். இதில் ஒரு அழகு பாருங்கள். அந்த ஆப்ஷனை அந்தப் புராஜெக்டின் லோக்கல் ஃபைலில் எழுதினால் செல்லாது. தனக்குத் தானே நற்சான்றிதழ் கொடுத்துக்கொள்ள முடியாது அல்லவா!

ஆகவே நண்பர்களே, இணையத்தில் யாரோ போட்ட கான்ஃபிக் ஃபைலை அப்படியே ஒட்டாதீர்கள். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று படித்துவிட்டு எடுங்கள். பாஸ்வேர்டு இருக்கும் ஃபைலைக் கமிட் செய்யவே செய்யாதீர்கள்.

எழுதி வையுங்கள்

வீட்டில் படித்தவர்கள் இருக்கும் பிள்ளைகளுக்கு எல்லாம் ஏற்கெனவே எழுதி வைத்த ஃபைல்போல் இருக்கிறது. எந்தக் கோர்ஸ் எடுப்பது, எந்தச் சான்றிதழை எப்போது வாங்குவது, இன்டர்வியூவில் எப்படி உட்காருவது என்று அவர்கள் யாரிடமும் கேட்பதில்லை. நமக்கு அப்படி இல்லை. ஒவ்வொரு ஆப்ஷனையும் ஒவ்வொரு தடவையும் நாமே விசாரித்து அடிக்க வேண்டும். அது குறையில்லை. ஆனால் நாம் விசாரித்துத் தெரிந்துகொண்டதை மனசில் மட்டும் வைத்துக்கொண்டு போய்விட்டால், அடுத்து வருகிற பிள்ளையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறை அதில்தான்.

என் தங்கை ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்காக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். வருமானச் சான்றிதழுக்கு எதையெல்லாம் எடுத்துப் போக வேண்டும், பாலிடெக்னிக் அட்மிஷனுக்கு எந்த மாதத்தில் விசாரிக்க வேண்டும், எந்தப் பாடத்துக்கு எந்தப் புத்தகம் என்று எல்லாம் அதில் இருக்கிறது. பிடிக்காததை அவள் அடித்துவிட்டு அவள் விருப்பத்தை எழுதிக்கொள்ளலாம். லோக்கல்தானே குளோபலை வெல்லும்!

லேபிலும் அதையே செய்திருக்கிறோம். சிஸ்டம் ஃபைலில் போட்ட ஒவ்வொரு ஆப்ஷனுக்கும் மேலே, ஹேஷ் குறி போட்டு, அதை ஏன் போட்டோம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறோம். என்ன என்பது பார்த்தாலே தெரியும். ஏன் என்பது எழுதினால்தான் தெரியும். அடுத்த ஆண்டு அந்த நாற்காலியில் உட்காரப் போகும் தம்பி தங்கைகளே, பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள், பிடிக்காவிட்டால் மாற்றுங்கள். மாற்றினால் ஏன் என்று ஒரு வரி எழுதுங்கள். கமிட் செய்யும் முன் உங்கள் பெயரை எழுத மறக்காதீர்கள்.

– மூன்றாம் ஆண்டு, கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு